ஏழாம் மேசைக்காரி

அவசர உதவிக்கு யார் போன் செய்தாலும் மணி முதலில் அடிப்பது அந்த மூன்றாம் மாடி அறையில்தான். பன்னிரண்டு மேசைகள், பன்னிரண்டு கணினித் திரைகள், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம், திறக்கவே முடியாத ஜன்னல்கள். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேசை எண்தான் பெயர். அவள் ஒன்பது வருடமாக ஏழாம் மேசை. புதிதாக வந்தவர்களுக்கு ஏழக்கா. அவளுக்கும் எட்டாம் மேசைக்காரனுக்கும் நடுவில் எப்போதும் காகிதம் சிக்கிக்கொள்ளும் ஒரு பிரிண்டர் இருந்தது. எட்டாம் மேசைக்காரன் அதற்கு ஏழரை என்று பெயர் வைத்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த யாரிடமும் முதல் நாளே இந்த ஜோக்கைச் சொல்லிவிடுவான். ஒன்பது வருடமும் அவள் அதற்குச் சிரித்துவைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவி வந்து உட்கார்ந்த கையோடு அந்த அழைப்பு வந்தது. ஓர் ஆண் குரல்.

"என் வொய்ஃப் கீழ விழுந்துட்டா. மூச்சு வரல. சீக்கிரம் யாராச்சும் வாங்க."

"அட்ரஸ் சொல்லுங்க சார்."

"தோட்டத் தெரு. பதினாலாம் நம்பர்."

அவள் தட்டினாள். திரையில் இரண்டு வரிகள் வந்தன. ஒன்று தோட்டத் தெரு, மற்றது தோட்டத் தெரு விரிவு. இப்படி இரண்டு வரி வந்தால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அது விதி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவளே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த விதி. அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். மூச்சில்லாதவளுக்கு ஒவ்வொரு நொடியும் முக்கியம். அவள் முதல் வரியை அழுத்தி வண்டியை அனுப்பிவிட்டு, நெஞ்சை அமுக்கச் சொல்லித்தரத் தொடங்கினாள்.

"போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வைங்க. ரெண்டு கையையும் சேர்த்து நெஞ்சு நடுவுல வைங்க. நான் எண்ணறேன், நீங்க அமுக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

ஆறாவது நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. அந்தப் பதினாலாம் எண் வீட்டில் ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லையே என்றாராம். விரிவு என்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கேட் மூடியிருந்தது. சரியான வீட்டுக்கு வண்டி போனபோது பத்தொன்பது நிமிடம் ஆகிவிட்டது. அதுவரை அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். முப்பது வரை போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, மறுபடி முப்பது. அந்த மனிதரும் அவளோடு சேர்ந்து எண்ணினார். கடைசியில் யாரோ தரையிலிருந்து போனை எடுத்துத் துண்டித்தார்கள்.

அந்தப் பெண் பிழைக்கவில்லை. நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று விசாரணையில் மருத்துவரைக் கேட்டார்கள். சொல்ல முடியாது என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

விசாரணை சீக்கிரமே முடிந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு புகார்கூட இல்லாதவள் என்பதால் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். மூன்று நாள் கழித்து வேலைக்குப் போனாள். நன்றாகத்தான் இருந்தாள். நான்காம் நாள் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் மணி அடித்ததும், பொத்தானை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. நெஞ்சு அடைத்தது. கண் இருட்டியது. இடது கை மரத்துப்போனது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டாம் மேசைக்காரன் எழுந்து ஓடி வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளுக்காகவே ஒரு வண்டியைக் கூப்பிட்டான்.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். "ஹார்ட் நல்லா இருக்கு. வெறும் டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார்கள். வெறும் என்று அவர்கள் சொன்னது அன்றிலிருந்து அவள் வீட்டில் குடிபுகுந்து, அவளை ஒவ்வோர் அறையாகத் துரத்தியது.

முதலில் போன் மணி. எந்தப் போன் அடித்தாலும் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு காலிங்பெல். பிறகு மைக்ரோவேவ் அடுப்பின் பீப் சத்தம். பிறகு எண்கள். பதினான்கு வயது மகள் வாய்விட்டுக் கணக்குப் போட்டால் அவள் காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். கணவன் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். அவன் பிழைப்பே போனில்தான். அவன் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, சட்டைப் பையில் போட்டு, அது அதிர்ந்தால் கீழ்ப் படிக்கட்டு வரை இறங்கிப் போய்ப் பேசினான். காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டான். மகள் மனதுக்குள் கணக்குப் போடப் பழகிக்கொண்டாள். வீடே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது.

சத்தங்கள் எல்லாம் அடங்கிய பிறகு இன்னொன்று வந்தது. அதற்குப் பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. காலையில் விழிப்பு வரும், எழுந்திருக்கத் தோன்றாது. தலை வாரத் தோன்றாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் மகள் பள்ளி விட்டு வரும்வரை அப்படியே கிடப்பாள். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாலு இடம் போய்வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். நடந்தது நடந்துபோச்சு, அதையே நினைச்சுக்கிட்டிருந்தா எப்படி என்றார்கள். எல்லோருக்கும் தலையாட்டினாள். அவர்கள் போனதும் மறுபடி சுவர்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாத்தனார்தான் முடிவெடுத்தாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலியில் உட்கார வைப்பது அவளுக்குக் கைவந்த கலை.

"அண்ணி, எழுந்திருங்க. ஒரு இடத்துக்குப் போறோம்."

"எங்க?"

"மனநல ஆலோசகர்கிட்ட. முறைக்காதீங்க. பல் வலின்னா பல்லுக்குப் போறோம், இதுக்கு இங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியமா இருந்தா நான் எதுக்கு அண்ணி இவ்ளோ மரியாதையா கூப்பிடப் போறேன். செருப்பைப் போடுங்க."

கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஆலோசகரைப் பார்த்ததும் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. முப்பது வயதுகூட நிரம்பியிருக்காது. தோளில் குழந்தை கக்கிய பால் கறை காய்ந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தாள்.

"முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன்," என்றார் ஆலோசகர். "நான் டாக்டர் இல்ல, மாத்திரை எழுத மாட்டேன். தேவைன்னா டாக்டர்கிட்ட அனுப்புவேன். நீங்க இங்க பேசறது எதுவும் வெளிய போகாது. ஒரே ஒரு விஷயம் தவிர. உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா, உங்க வீட்ல சொல்லிடுவேன். சரியா?"

அவள் தலையாட்டினாள்.

"பயம் இப்ப பத்துக்கு எவ்வளவு இருக்கு?"

அவள் கை காதுக்குப் போனது. "நம்பர் வேணாம்," என்றாள். "நம்பர் மட்டும் கேக்காதீங்க."

"சரி. தண்ணிக்குள்ள நிக்கறீங்கன்னு வச்சுக்குவோம். தண்ணி எது வரைக்கும் இருக்கு? கணுக்கால், முழங்கால், இடுப்பு?"

"கழுத்து," என்றாள் அவள். இத்தனை நாளில் யார் கேள்விக்கும் அவள் இவ்வளவு சட்டென்று பதில் சொன்னதில்லை.

அன்று அந்த அழைப்பைப் பற்றி ஆலோசகர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், கடைசியாக எப்போது வெளியே போனாள் என்று மட்டும் கேட்டார். கிளம்பும்போது ஒரே ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலையில் துவைத்த துணியை மாடியில் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும். வேறெதுவும் செய்ய வேண்டாம்.

"மனசே வரலைன்னா?"

"மனசு வரணும்னு காத்திருக்காதீங்க. அது வராது. நீங்க போங்க, அது பின்னாடி மெதுவா வரும். வராமயும் இருக்கும். துணியாவது காயும்."

முதல் நாள் ஒரே ஒரு துண்டை எடுத்துப் போய்க் காயப்போட்டுவிட்டு வந்து படுத்தாள். இரண்டாம் நாள் போகவில்லை. மூன்றாம் நாள் மகளின் சீருடையைக் கொண்டுபோனாள். இப்படியே மூன்று வாரம் போனது. தண்ணீர் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியிருப்பதாக அவளே ஒரு நாள் சொன்னாள். ஆலோசகர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு நடந்தது.

"இன்னிக்கு ஒண்ணு முயற்சி பண்ணலாமா? ஒரே ஒரு தடவை போன் மணி சத்தம். என் போன்ல. நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் தெம்பும் அன்று இல்லை. சரி என்றாள். மணி அடித்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது அவளுக்குத் தெரியாது. எப்படிப் படியிறங்கினாள் என்றும் தெரியாது. கண்ணாடிக் கடை வாசலில் யாரோ அவளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பின்னாலேயே ஓடி வந்த ஆலோசகரின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் போகவில்லை. துணி காயப்போடவும் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவளின் மனதில் ஓர் எண்ணம் ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. தான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் போன் சத்தமாக அடிக்கும். கணவன் படிக்கட்டில் நின்று பேச வேண்டியதில்லை. மகள் வாய்விட்டுப் படிப்பாள். கணக்கு எவ்வளவு நேராக இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக மனம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் பார்த்துக் கணவன் கொஞ்சம் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தான். அன்று இரவு அவனே சமைத்தான். மகளிடம், "அம்மா முகம் தெளிவா இருக்கில்ல?" என்றான்.

பத்தாம் நாள் ஆலோசகர் கையால் எழுதிய ஒரு கடிதம் நாத்தனார் வழியாக வந்தது. நாலே வரி. 'அன்று நான் அவசரப்பட்டேன். நீங்கள் தயாராக இல்லை என்பதை நான் பார்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது, உங்களுடையது இல்லை. வியாழக்கிழமை உங்கள் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.'

அவள் அதை நாலைந்து முறை படித்தாள். தவறு என்னுடையது என்று ஒருவர் இத்தனை சாதாரணமாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, வியாழக்கிழமை வேலைக்கு வரப்போகிறார். அது அவளுக்குப் புரியவில்லை. வியாழக்கிழமை போனாள். இனிமேல் வரமாட்டேன் என்று நேரில் சொல்லிவிட்டு வரத்தான் போனாள்.

"சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். உங்க மேல கோபம் எல்லாம் இல்ல. இனிமே தேவைப்படாது."

ஆலோசகர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தேவைப்படாது?"

"எல்லாம் சரியாயிடும். அவருக்கும் பாப்பாவுக்கும் நல்லதுதான்."

"நேராவே கேக்கறேன்," என்றார் ஆலோசகர். குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "செத்துடணும்னு நினைக்கறீங்களா?"

யாரும் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருந்தார்கள். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"ஆமா."

"எப்படின்னும் யோசிச்சிருக்கீங்களா?"

"ம்."

"எப்பன்னு?"

அவள் ஜிப்பை மறுபடி திறந்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போறாங்க," என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. சொன்னது யார் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஆலோசகர் எழுந்து வந்து, தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதைச் சொன்னீங்களே, அது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். இப்ப நான் உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடணும்."

"வேணாம். அவர் தாங்க மாட்டார்."

"முதல் நாளே சொன்னேன். இது ஒண்ணு மட்டும் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்காது. நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கணவன் அரைமணி நேரத்தில் வந்தான். கையில் கருவிப்பெட்டி, முழங்கை வரை கிரீஸ், சட்டையெல்லாம் சோப்புத் தண்ணீர். யார் வீட்டிலோ மெஷினைப் பாதியில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். அவளே சொன்னாள். அவன் நின்றபடி கேட்டான். பிறகு நாற்காலி இருப்பதே தெரியாதவன் போல தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போனை சைலண்ட்ல போட்டேன்," என்றான். "பெல் ஒயரைப் பிடுங்கினேன். நல்லா ஆயிட்டு வர்றான்னு நேத்துகூட..." கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான். "வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல மேடம். மெஷினா இருந்தா பிரிச்சுப் பாத்திருப்பேன்," என்றான்.

அன்று அந்த அறையில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினார்கள். அந்த எண்ணம் வருவதற்கு முன் அவளுக்கு என்னென்ன தோன்றும் என்று எழுதினார்கள். தோன்றினால் முதலில் யாரிடம் போக வேண்டும், அவர் இல்லையென்றால் யார், நேராக எந்த மருத்துவமனை என்று எழுதினார்கள். வீட்டிலிருந்து எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதினார்கள். கணவன் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தான். சாயங்காலமே ஆலோசகர் சொன்ன மனநல மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கினார்கள். நாத்தனார் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை.

மாத்திரை உடனே எதையும் செய்துவிடவில்லை. நாக்கு வறண்டது, கை நடுங்கியது, பகலெல்லாம் தூக்கம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த வாரங்களைத்தான் கடக்க வேண்டியிருந்தது. தனியாக இருக்க விடமாட்டார்கள். நாத்தனார் குளியலறை வாசலில் உட்கார்ந்து உள்ளே இருப்பவளிடம் பல் மருத்துவமனைக் கதையெல்லாம் சொன்னாள். மயக்க ஊசி போட்டபின் டாக்டரின் விரலைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போன வக்கீல் கதையைக் கேட்டு அவள் ஒரு நாள் உள்ளிருந்தபடியே சிரித்தாள். வெளியே நாத்தனார் அழுதது அவளுக்குத் தெரியாது. சில நாள் தண்ணீர் தலைக்கு மேலேயே நின்றது. அப்போதெல்லாம் தாளில் எழுதியபடி கணவனிடம் போய், "வந்துடுச்சு" என்று மட்டும் சொல்வாள். அவன் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவான்.

இரண்டு மாதம் கழித்து, அவள் சரி என்ற பிறகுதான், ஆலோசகர் அந்த அழைப்பைத் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, இப்போதுதான் நடப்பது போல, முதலிலிருந்து கடைசி வரை சொல்லச் சொன்னார். சொல்வதைப் பதிவு செய்தார். வீட்டில் தினமும் ஒருமுறை அதைக் கேட்க வேண்டும்.

"எதுக்கு? மறக்கத்தானே வந்தேன்."

"மறக்க முடியாது. இத்தனை நாள் அது வந்தா நீங்க ஓடிட்டீங்க, அதனால அது எப்பவும் பாதியிலயே நிக்குது. முடிவு வரைக்கும் போய்ப் பாப்போம். போனா, ஒரு நாள் அது நடந்து முடிஞ்ச விஷயம்னு உடம்புக்குத் தெரியும்."

முதல் முறை திரையில் இரண்டு வரி வந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். இரண்டாம் முறை எண்ணத் தொடங்கிய இடம் வரை போனாள். நான்காம் முறை எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணியபோது உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது, நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. ஆலோசகர் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தலாமா என்று நடுவில் ஒருமுறை கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு மேலே போனாள். முப்பது வந்தது, மறுபடி ஒன்று வந்தது. எண்ணிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள்.

"அவர் நடுவுல ஒண்ணு சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"'போனை வச்சுடாதீங்கம்மா' ன்னார். நான் 'வைக்க மாட்டேன் சார்' ன்னேன்." கண்ணைத் திறந்தாள். "நான் வைக்கல. கடைசி வரைக்கும் நான் வைக்கல."

இது அவளுக்கு மறந்தே போயிருந்தது. விசாரணையில் பதிவைப் போட்டுக் காட்டியபோதுகூட அவள் காதில் அது விழுந்திருக்கவில்லை. அன்று வெகுநேரம் அழுதாள்.

அடுத்த வாரம் ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் வரைந்து கொடுத்தார். "அந்தம்மா இறந்ததுல உங்க பங்கு எவ்ளோ? அதை மட்டும் பேனாவால அடைங்க."

அவள் வட்டம் முழுவதையும் கறுப்பாக்கினாள். தாள் கிழிந்துவிட்டது.

ஆலோசகர் இன்னொரு வட்டம் வரைந்தார். "இந்தத் தடவை உங்களைக் கடைசியில வச்சுக்குவோம். வேற யார் யார், எது எது?"

யோசித்து யோசித்துச் சொன்னாள். முதலில் அந்தப் பெண்ணின் இதயம். அதற்கே வட்டத்தில் பாதி போனது. ரயில் கேட். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெருவுக்கு ஒரே பெயர் வைத்தவர்கள். இரண்டு வரி வந்தால் எச்சரிக்காத கணினி. விரிவு என்று சொல்ல மறந்த அந்தப் பெண்ணின் கணவர். அதைச் சொல்லும்போது, "பாவம், அவருக்கு அந்த நேரத்துல என்ன தெரியும்" என்றாள். ஆலோசகர் அவளைப் பார்த்தார். அந்தக் கணவருக்கு ஒரு கீற்று ஒதுக்கிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

எல்லாம் போக ஓரத்தில் ஒரு கீற்று மிச்சமிருந்தது. விரல் அகலம் இருக்கும்.

"இது நான்," என்றாள்.

"ஆமா."

"இதுவும் இல்லன்னு சொல்லுங்களேன்."

"சொல்ல முடியாது. நீங்க கேட்டிருக்கணும், கேக்கல. அது உங்களோடதுதான். ஆனா முழு வட்டமும் உங்களோடது இல்ல."

"இதை வச்சுக்கிட்டு எப்படி இருக்கறது?"

"அதைத்தான் இனிமே பாக்கணும்," என்றார் ஆலோசகர். "எனக்கும் முழுசாத் தெரியாது. எனக்கும் ஒண்ணு ரெண்டு இருக்கு."

அதன் பிறகுதான் மணிச்சத்தம். இந்த முறை எதையும் அவளே முடிவு செய்தாள். முதல் வாரம் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம். அடுத்த வாரம் கதவு பாதி திறந்து. கணவன் கண்ணாடிக் கடை வாசலில் நின்று கூப்பிட, மேலே மேசை மேல் அவள் போன் அடிக்கும். அவள் அதையே பார்த்துக்கொண்டு, தண்ணீர் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கும்வரை உட்கார்ந்திருப்பாள். முன்பு இதே இடத்தில்தான் ஓடினாள். ஓடாமல் இருந்தால் அது தானாக இறங்குகிறது என்பதை உடம்பு மெதுமெதுவாகத்தான் நம்பியது. மூன்றாம் வாரம் முதல்முறையாக எடுத்தாள்.

"ஹலோ," என்றாள். குரல் தேய்ந்திருந்தது.

"நான்தான்," என்றான் கணவன் கீழிருந்து. "இது பதினோராவது தடவை. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியா பாக்கறார். ஒரு கண்ணாடி வாங்கிட்டு வந்துடட்டுமா?"

ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம் என்று பேசி வைத்திருந்தார்கள். எட்டாம் மேசைக்காரன் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தடுமாறினால் அவன் எடுத்துக்கொள்வான். முதல் அழைப்பு ஒரு பெண்ணுடையது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். தண்ணீர் நெஞ்சு வரை வந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வண்டி போயிற்று. எட்டாம் மேசைக்காரன் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான். அன்று மொத்தம் ஒன்பது அழைப்பு. ஒன்றில்கூட அவன் குறுக்கிட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கட்டடத்தின் வாசல் வரை போனாள். படியில் கால் வைக்க முடியவில்லை. நேற்று முடிந்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. எல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்து என்று தோன்றியது. கீழ்ப் படியிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போய், ஆலோசகருக்குப் போன் செய்து, இன்று முடியவில்லை என்று சொன்னாள்.

"சரி. இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்ல. அவர் பக்கத்துல இருக்கார்."

"நாளைக்கு?"

"தெரியல."

"தெரியலன்னா பரவாயில்ல. சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். மறுநாள் காலை நெடுநேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்துவிட்டு, போட்டுக்கொண்டு கிளம்பினாள்.